தலைக்கு ஊற்றிய பிறகு

காய்ச்சலுக்கு நம் வீடுகளில் ஒரு முடிவு நாள் உண்டு. உடம்புச் சூடு தணிந்து, வாய்க்கசப்பு போனபின், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைக்கு ஊற்றுவார்கள். வெந்நீரில் குளித்து, மிளகு ரசம் விட்டுப் பிசைந்த சோற்றைச் சாப்பிட்டாயிற்று என்றால் ஆள் தேறிவிட்டார் என்று பொருள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கோ காட்டுக்கோ கடைக்கோ கிளம்ப வேண்டியதுதான். அம்மை கண்ட வீட்டில் இது இன்னும் முறையாக நடக்கும். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் என்று எண்ணி விடுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு அம்மை இறங்கிவிடும். பார்க்க வராதிருந்த உறவினர்கள் வரத் தொடங்குவார்கள்.

நோய் முடிந்ததை வீட்டுக்கும் ஊருக்கும் சொல்லும் இந்த ஏற்பாட்டில் ஒரு பரிவு இருக்கிறது. ஆனால் சில வைரஸ் நோய்கள் தலைக்கு ஊற்றிய பிறகுதான் தங்கள் நீண்ட வேலையைத் தொடங்குகின்றன. அந்தக் காலத்துக்கு நம்மிடம் சடங்கும் இல்லை, சரியான பெயரும் இல்லை, அரசாங்கப் பதிவேட்டில் ஒரு கட்டமும் இல்லை.

2006 மழைக்காலத்தில், நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. அந்தத் தெருவில் அப்போது காய்ச்சல் புகாத வீடே இல்லை. நான்கு நாள் அனலாய்க் கொதித்து, உடம்பெல்லாம் சிவந்து தடித்து, ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் தலைக்கு ஊற்றினார்கள். எட்டாம் நாள் காலையில் பல்பொடி டப்பாவின் மூடியை அவரால் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கூப்பிட்டுத் திறந்து தரச் சொன்னார். மூன்று மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோதும் அந்த மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்திருந்தார்கள். “எப்படி இருக்கு பெரியம்மா?” என்று கேட்டேன். “காய்ச்சல் விட்டுருச்சுய்யா. வலிதான் விட மாட்டேங்குது” என்றார்.

சிக்குன்குனியா என்ற பெயரைக் கேட்டதும் கோழிக்கறியைச் சந்தேகப்பட்டவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். கோழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1952-53இல், இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் உள்ள மகொண்டே பீடபூமியில் இந்நோய் பரவியது. மேரியன் ராபின்சன், லம்ஸ்டன் என்ற இருவர் 1955இல் அதைப் பற்றி எழுதினார்கள். வலியால் உடம்பு வளைந்து முறுக்கிக்கொள்வதைக் குறிக்கும் சொல்லையே மகொண்டே மக்கள் நோய்க்குப் பெயராக வைத்திருந்தார்கள். நமக்கும் அதே அனுபவத்துக்கு ஒரு சொல் இருக்கிறது: முடக்கு. மூட்டுகளைத் தாக்கும் நாள்பட்ட வாத நோயை முடக்குவாதம் என்கிறோம். முடக்கை அறுப்பது என்ற பொருளில் ஒரு கீரைக்கு முடக்கத்தான் என்று பெயர் வைத்திருக்கிறோம். இரண்டு மொழிக்காரர்களும் காய்ச்சலைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, மடங்காத மூட்டைப் பார்த்து வைத்தார்கள். மருத்துவ அறிக்கைகள் வெகுநாள் கழித்து வந்து சேர்ந்த இடத்தில் அவர்கள் முதலிலேயே நின்றிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரியிலும் பரவியது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டியது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக எங்கும் இல்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் இந்நோயைப் பார்க்காமலே படித்து, பணி செய்து, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். 2005 இறுதியில் அது திரும்பி வந்தபோது, ஆப்பிரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளைச் சேர்ந்த வேறொரு வகை வைரஸாக வந்தது. 2006இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது. கர்நாடகத்தில் மட்டும் ஏழரை லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 65 ஆயிரம். தெருவுக்குத் தெரு படுத்துக்கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த 65 ஆயிரம் மிகக் குறைவாகத்தான் படும்.

அதே கணக்கில் இறப்பு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அது சரிதானா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. அகமதாபாத் நகரில் அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட 2,944 மரணங்கள் கூடுதலாக நேர்ந்ததை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் அந்தப் பூஜ்யம் செய்த பெரிய கெடுதல் வேறு. சாகடிக்காத நோய் என்று எழுதியதும் சாதாரண நோய் என்றாகிவிட்டது. கொசு மருந்து அடித்து, காய்ச்சல் முகாம் நடத்தி, எண்ணிக்கை குறைந்ததும் முகாமைக் கலைத்தார்கள். முகாம் கலைந்த பிறகும் கால் தரையில் ஊன்றாதவர்களை யாரும் எண்ணவில்லை.

புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் எண்ணப்படாத அந்தத் துன்பத்துக்கு ஓர் உருவம் கொடுத்தார்கள். 2009இல் வெளியான அவர்களுடைய ஆய்வை இத்துறையின் முக்கியமான தமிழ்நிலப் பங்களிப்பாக நான் கருதுகிறேன். நோயின் சுமையைச் சாவை வைத்து மட்டும் அளக்காமல், நலமாக வாழ்ந்திருக்க வேண்டிய காலத்தில் எவ்வளவு பறிபோனது என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. ஒருவர் ஓராண்டு முழுவதும் பாதிச் செயலிழந்து கிடந்தால் அரை ஆண்டு போயிற்று என்பது போன்ற கணக்கு அது. அந்த முறைப்படி 2006இன் சிக்குன்குனியா இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொண்டது 25,588 ஆண்டுகள். இதில் 69 சதவீதம் காய்ச்சல் நாட்களில் போனதல்ல, அதன்பின் நீடித்த மூட்டுவலியில் போனது. இழந்த கூலி குறைந்தபட்சம் 39 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட நோய், முகாம் கலைந்த பிறகுதான் நடந்திருக்கிறது.

இதே காலத்தில் இந்தியப் பெருங்கடலின் மறுபக்கத்தில் ரீயூனியன் தீவும் படுத்துக்கிடந்தது. பிரான்ஸுக்குச் சொந்தமான சிறிய தீவு. கரும்புத் தோட்ட வேலைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். மலபார்கள் என்று அவர்களை அழைப்பார்கள். 2005-06இல் அந்தத் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 2 லட்சத்து 66 ஆயிரம் பேருக்கு, சிக்குன்குனியா வந்தது. ரீயூனியன் ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடவில்லை. இரத்தப் பரிசோதனையில் நோய் வந்தது உறுதியானவர்களையும், வராதவர்களையும், சராசரியாக இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். நோய் வந்தவர்களில் 43 சதவீதம் பேர் மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். வராதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 17 சதவீதம்.

இந்த இரண்டாவது எண்ணை நான் முக்கியமாக நினைக்கிறேன். நடுவயது தாண்டிய எந்த ஊரிலும் மூட்டுவலிக்காரர்கள் இருப்பார்கள். நோயே வராத நூறு பேரில் 17 பேருக்கு வலி இருந்தது என்றால், வந்தவர்களின் வலி எல்லாவற்றையும் வைரஸின் தலையில் கட்ட முடியாது. இரண்டுக்கும் இடையே உள்ள 26தான் வைரஸின் பங்கு என்று தோராயமாகக் கொள்ளலாம். நேர்மையான கணக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும். “எல்லாம் அந்தக் காய்ச்சலால்தான்” என்று சொல்பவருக்கும், “எல்லாம் வயசுக் கோளாறு” என்று கையை உதறுபவருக்கும் அதில் பதில் இருக்கிறது.

காய்ச்சல் அடங்கிய பின்னும் மூட்டு ஏன் வலிக்கிறது? ஒரு வாரத்துக்குள் வைரஸ் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆனால் ரீயூனியனில் ஒரு நோயாளியின் மூட்டு உட்சவ்விலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகு எடுத்த திசுவில், வைரஸின் மரபுப்பொருளும் புரதமும் எதிர்ப்பாற்றல் செல்களுக்குள் ஒளிந்திருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. கொலம்பியாவிலோ, நோய் வந்து 22 மாதங்களாகியும் மூட்டுவலி நீங்காத 38 பேரின் மூட்டுநீரைச் சோதித்தபோது வைரஸின் தடயமே அகப்படவில்லை. எதிரி வீட்டுக்குள் பதுங்கியிருக்கிறானா, அல்லது அவன் போனது தெரியாமல் காவல்காரர்களே சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்களா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இன்னும் இல்லை. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் நோயாளி உணர்வது. மேலே சாம்பல், விரலை வைத்தால் சுடும். வயது கூடியவர்கள், பெண்கள், முதல் வாரத்திலேயே கடுமையான வலி கண்டவர்கள், முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு நெடுநாள் வலி அதிகம் என்பதில் பல நாட்டு ஆய்வுகள் ஒத்துப்போகின்றன.

வலி மட்டும் என்றால் ஒரு மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வலி எந்தெந்த வேலையைத் தட்டிப் பறிக்கிறது என்பதில்தான் வாழ்க்கைத் தரம் என்ற சொல் பொருள் பெறுகிறது. அந்தச் சொல்லை நாம் சாலை, வீடு, வருமானம் பற்றிப் பேசும்போது அதிகம் பயன்படுத்துகிறோம். மருத்துவத்தில் அதன் பொருள் இன்னும் நெருக்கமானது. தான் வாழும் பண்பாட்டுக்குள், தன் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, ஒருவர் தன் நிலையைத் தானே எப்படிக் காண்கிறார் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. 1990களில் அந்நிறுவனம் இதற்கான வினாத்தாளை உருவாக்கியபோது, ஓர் ஊரில் எழுதி மற்ற மொழிகளில் பெயர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்து, உலகின் 15 மையங்களில் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கியது. அவற்றில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். உடல், மனம், உறவுகள், சூழல் என்று நான்கு புலங்கள்.

பண்பாட்டுக்கேற்ற கேள்வி ஏன் வேண்டும் என்பது மூட்டுநோய்க்கான வினாத்தாளைப் பார்த்தால் பளிச்சென்று விளங்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃப்ரைஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980இல் வெளியிட்ட வினாத்தாள் உலகெங்கும் புழங்குகிறது. புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறக்க முடிகிறதா, தட்டில் உள்ள இறைச்சியைக் கத்தியால் வெட்ட முடிகிறதா, குளியல் தொட்டியில் இறங்கிக் குளிக்க முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா என்று அதில் கேட்பார்கள். நிலக்கோட்டையில் இவற்றைக் கேட்டால் நால்வரில் மூவர், “எனக்கு எதுக்கு அது?” என்பார்கள். டெல்லி மருத்துவர்கள் உருவாக்கி 2002இல் வெளிவந்த இந்திய வடிவத்தில் 12 கேள்விகள். கழிப்பறையில் குந்தி உட்காரவோ தரையில் சம்மணம் போட்டு அமரவோ முடிகிறதா? ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா? மூன்று கிலோமீட்டர் நடக்க முடிகிறதா? காய்கறிச் சந்தைக்குப் போய் வாங்கி வர முடிகிறதா? ஒவ்வொன்றுக்கும் சிரமமில்லை என்றால் பூஜ்யம், அறவே முடியாது என்றால் மூன்று. யாரோ ஒருவர் நம் வீட்டுக்குள் வந்து இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். பெரியம்மாவின் தொழில் பூக்கட்டுவது. விடியுமுன் பறித்து வந்த மல்லிகை மொட்டுகளை ஈரத்துணியில் கொட்டி, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மொட்டு இப்பக்கம், இரண்டு மொட்டு அப்பக்கம் வைத்து, வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, சுருக்குப் போட்டு இழுக்கும். இழுப்பு தளர்ந்தால் பூ உதிரும், இறுகினால் காம்பு நசுங்கும். ஒரு முழத்துக்குள் அந்தச் சுருக்கு எத்தனையோ முறை விழ வேண்டும். அந்த இழுப்பை அளவிடுவது கட்டைவிரலின் அடிமூட்டும் மணிக்கட்டும். சிக்குன்குனியா குறிபார்த்து அடிப்பதும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகளைத்தான், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒருசேர. மூட்டைச் சுற்றி ஓடும் தசைநாண்களின் உறை வீங்கிக்கொள்வதால், கையைத் திறந்து மூடும்போது கயிறு சிக்கிய கப்பி போல விரல் நின்று நின்று நகரும். காலையில் எழுந்ததும் விறைப்பு மிகக் கூடுதல். மொட்டு மலர்வதற்குள் கட்டி முடிக்க வேண்டிய நேரமும் அந்தக் காலைதான்.

நார் சுற்ற முடியாமல் போன பிறகு பெரியம்மா மொட்டு பொறுக்கிக் கொடுக்கும் வேலைக்கு மாறினார். முழத்துக்கு இவ்வளவு என்று வந்த கூலி போய், நாளுக்கு இவ்வளவு என்று குறைந்த கூலி வந்தது. தெற்கே பீடி சுற்றுபவர்களுக்கும், காவிரிப் பக்கம் நாற்று நடுபவர்களுக்கும், ரப்பர் காட்டில் பால் வெட்டுபவர்களுக்கும் இதே கணக்குத்தான். 2007இல் கேரளத்தின் ரப்பர் மாவட்டங்களில் நோய் மூர்க்கமாகப் பரவியதற்கு, ஆசியப் புலிக்கொசு என்னும் இனத்தில் எளிதாகப் பெருகும்படி வைரஸில் நேர்ந்திருந்த ஒரு மாற்றமும், மரத்தில் கட்டிய பால்சிரட்டைகளில் மழைநீர் தேங்கியதும் கைகொடுத்தன. எந்தக் கை வெட்டியதோ அந்தக் கையைத்தான் நோய் பிடித்தது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் இருப்பவருக்கு உடம்பு முடியாத காலத்தில் கூலியின் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். சிக்குன்குனியா மூட்டுவலி மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் நாள்பட்டது என்று மருத்துவம் பெயர் சூட்டுகிறது. பெயர் கிடைக்கும் நாளும் உதவி தீரும் நாளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. பூக்கட்டுகிறவருக்கு அந்த 91 நாளும் கிடையாது.

நெடுநாள் நோயாளிகள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை வலியைப் பற்றியதல்ல, யாரும் நம்பாததைப் பற்றியது. இரத்தம் எடுத்துப் பார்த்தால் அழற்சிக்கான அளவுகள் பலருக்கு இயல்பாகவே இருக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. “டெஸ்ட் எல்லாம் நார்மல், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் மாமியாரோ கணவரோ, “நாலு பேருக்கும்தான் வந்துச்சு, அவங்கல்லாம் வேலை செய்யலயா?” என்பார்கள். வெளியே தெரியும் வீக்கம் வற்றியதும் பரிவும் வற்றிவிடுகிறது.

இந்த அவநம்பிக்கைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1955 ஜூலையில் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மர்ம நோய் பரவி, மருத்துவர்களும் செவிலியர்களுமாக ஊழியர்கள் 292 பேரைச் சாய்த்தது. மருத்துவமனையை அக்டோபர்வரை மூட வேண்டி வந்தது. சிலருக்குச் சோர்வும் தசைவலியும் நெடுங்காலம் நீங்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து மெக்இவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய நோய்க்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது கூட்டு மனப்பிராந்தி என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்களுடைய வாதங்களில் ஒன்று. நோயாளிகள் யாரையும் அவர்கள் நேரில் சோதிக்கவில்லை. அந்தக் கட்டுரையின் நிழல் இன்றும் பல ஆலோசனை அறைகளில் விழுந்து கிடக்கிறது என்றே நினைக்கிறேன்.

கோவிட் வந்தபோது நோயாளிகள் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். காய்ச்சல் தீர்ந்தும் தேறாத நிலைக்கு ‘லாங் கோவிட்’ என்ற பெயர், 2020 மே மாதம் எலிசா பெரெகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் தன் நோயைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதியதிலிருந்து பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை கொடுத்தது 2021 அக்டோபரில்தான்: தொற்று வந்து வழக்கமாக மூன்று மாதத்தில் தென்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணம் சொல்ல முடியாத தொல்லைகள். பெயர் வந்த பிறகுதான் சிகிச்சை மையங்கள் வந்தன, ஆய்வுக்குப் பணம் வந்தது. சிக்குன்குனியாவில் துன்பப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வெப்பநாட்டுக்காரர்கள். அவர்களுடைய நீண்ட நோய்க்கு ஊரார் வாயில் புழங்கும் பெயர் இன்றும் கிடையாது. ‘சிக்குன்குனியா வந்த உடம்பு’ என்று சொல்வதோடு சரி.

இந்த இரண்டு நீண்ட நோய்களையும் ஒரே தட்டில் வைத்துவிடவும் கூடாது. கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் சோர்வில் ஒரு வகை உண்டு. இன்று கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் நாளையோ மறுநாளோ ஆளையே கீழே தள்ளிவிடும். அவர்களிடம் “நடங்க, நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டே போங்க” என்பது தீங்கு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், ராயல் ஃப்ரீ வகைச் சோர்வு நோய்க்கு அதுவரை பரிந்துரைத்த படிப்படியான உடற்பயிற்சியை 2021இல் விலக்கிக்கொண்டது. கையிருப்புச் சக்தியைப் பார்த்து, தீருமுன் நிறுத்தி, இளைப்பாறி, பிறகு தொடர்வதே அவர்களுக்கான வழி. சிக்குன்குனியா மூட்டோ அசைக்காவிட்டால் இறுகும். வெந்நீரில் கை வைத்து விரலை மெல்ல மடக்கி நீட்டுவது, தாங்கும் அளவுக்கு நடப்பது, தசை வலுவைக் காப்பது ஆகியவை அதற்கு உதவும். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குக் கெடுதலாகும் இடம் இது. இரண்டும் கலந்து வருபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், முதலில் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, வலிநிவாரணிதான் பெரும்பாலோர்க்கு முதல் படி. டெங்கு இல்லை என்று உறுதியாகும் முன் பாராசிட்டமாலைத் தாண்டி எதையும் விழுங்கக் கூடாது. மாதக்கணக்கில் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். எங்கள் பக்கம், “ஒரு ஊசி போட்டா ஒரு மாசத்துக்கு வலி தெரியாது” என்று தேடிப் போகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. நிறுத்தியதும் வலி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்புவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு தேய்வதும் அதன் விலை. வீக்கம் மூன்று மாதத்தைத் தாண்டி நிலைத்தால் மூட்டுநோய் நிபுணரிடம் போக வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் சிலருக்குக் கைகொடுக்கின்றன. பெரியம்மா நிலவேம்புக் கஷாயமும் குடித்தார், முடக்கத்தான் தோசையும் தின்றார். தோசையால் வலி குறைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கீரையைத் தேடிப் பறித்து அரைத்துக் கொடுக்க ஒரு மருமகள் இருந்தாள் என்பதும் வாழ்க்கைத் தரத்தின் கணக்கில் வரும். உறவுகள் என்று ஒரு புலத்தை அந்த வினாத்தாள் சும்மா வைக்கவில்லை.

செய்யக்கூடியது அருகிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கு மாத்திரை வருகிறது, இயன்முறை மருத்துவரும் வருகிறார். காய்ச்சல் பட்டியலில் பெயர் ஏறியவரின் வீட்டுக்கு மூன்றாம் மாதமும் ஓராண்டு கழித்தும் ஒருமுறை போய், அந்த 12 கேள்விகளைக் கேட்டுக் குறித்து வந்தால் போதும். காய்ச்சல் முகாமுக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பகுதிகூட ஆகாது என்பது என் எண்ணம். எத்தனை பேர் தேறவில்லை என்பதை ஆண்டுதோறும் காய்ச்சல் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் எண்ணுவதற்குப் பழக வேண்டும்.

அப்படி எண்ணும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை எனக்குக் காட்டியவர் பெரியம்மாதான். சில ஆண்டுகளுக்கு முன், அந்த இந்திய வினாத்தாளைத் தமிழாக்கிக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கேட்டேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“உங்களால நீங்களே உடுத்திக்க முடியுதா பெரியம்மா?”

“அதெல்லாம் முடியுதுய்யா. ஒரு சிரமமும் இல்ல.”

பூஜ்யம் என்று குறித்தேன். சந்தை, மாடிப்படி என்று மேலும் சில கேள்விகள் போன பிறகுதான் அவர் உடுத்தியிருந்தது என் கண்ணில் பட்டது. நைட்டி போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். கொசுவம் மடித்துச் செருகி ஆறு கெஜம் கட்டாமல் வாசல் தாண்டாத பெண்மணி அவர். ரவிக்கையின் கொக்கியை மாட்ட விரல் ஒத்துழைக்காமல், கொசுவத்தைப் பிடித்து நிறுத்த மணிக்கட்டு தாங்காமல், எந்த ஆண்டு என்று அவருக்கே நினைவில்லாத ஓர் ஆண்டில் சேலையை விட்டுவிட்டிருக்கிறார். விட்டுவிட்ட பிறகு சிரமம் இல்லைதான். இழந்ததற்கு ஏற்ப மனிதர் தன் அளவுகோலையே சுருக்கிக்கொள்வதை ஆய்வாளர்களும் அறிந்திருக்கிறார்கள். வினாத்தாள்களின் பெரிய சிக்கல்களில் ஒன்றாக அது இருக்கிறது. நைட்டி போட முடிகிறதா என்று கேட்டால் பூஜ்யம். நீங்கள் உடுத்த விரும்பியதை உடுத்த முடிகிறதா என்று கேட்டிருந்தால் மூன்று.

“சேலை கட்டுறதில்லயா இப்ப?” என்று கேட்டேன்.

“விசேஷத்துக்குப் போகையில மருமக கட்டி விடுவா. கைய ரெண்டு பக்கமும் தூக்கிட்டு நிப்பேன், சின்னப் புள்ள மாதிரி.” கொஞ்ச நேரம் கழித்து, “அதனாலயே விசேஷத்துக்கு அவ்வளவா போறதில்ல” என்றார்.

குறித்த பூஜ்யத்தை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டேன்.